தூய இனம் என்பதை மறுத்த மரபணு: லால்ஜி சிங்கின் அரை நூற்றாண்டு ஆய்வு

புதுதில்லி: 2022-ஆம் ஆண்டு மே மாதம் தலைநகரில் ஒரு செய்தி பெரும் சலசலப்பை ஏற்படுத்தியது. இந்திய மக்களின் "இனத் தூய்மை"யை மரபணு வழியாக ஆராய்வதற்கான கருவிகளை மத்திய கலாசார அமைச்சகம் வாங்கவிருப்பதாக ஆங்கில நாளேடு ஒன்று எழுதியது. அமைச்சகம் உடனடியாக மறுத்தது. அச்செய்தி தவறான பொருள் தருவதாகக் கூறியது. ஆயினும் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் வரலாற்றாய்வாளர்களும் கையெழுத்திட்டு அமைச்சகத்துக்குக் கடிதம் அனுப்பினர். மனிதர்களை உயிரியல் அடிப்படையில் இனங்களாகப் பிரிப்பதே அறிவியலால் கைவிடப்பட்ட கருத்து என்றும், அதில் தூய்மையைத் தேடுவது பொருளற்றது மட்டுமன்றி ஆபத்தானதும் ஆகும் என்றும் அவர்கள் சுட்டிக்காட்டினர்.

அந்த விவாதத்தில் முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய குரல் அப்போது இல்லை. ஹைதராபாதில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தின் முன்னாள் இயக்குநர் லால்ஜி சிங், 2017-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி வாராணசியில் மாரடைப்பால் காலமாகிவிட்டார். இந்திய மண்ணில் கலப்பில்லாத மக்கள் கூட்டம் என்று ஏறத்தாழ எதுவுமே இல்லை என்பதற்கான வலுவான மரபணுச் சான்று, அவரது மையமும் அமெரிக்க ஆய்வாளர்களும் இணைந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில்தான் கிடைத்தது. அந்த ஆய்வை ஆளுக்கொரு விதமாகத் திரித்து மேற்கோள் காட்டும் போக்கு இன்றும் ஓயவில்லை. அதற்கு அவரும் ஓரளவு இடம் கொடுத்தார் என்பதையும் சேர்த்தே அவரது ஆய்வு வாழ்க்கையை எடைபோட வேண்டியுள்ளது.

கட்டுவிரியனில் தொடக்கம்

உத்தரப் பிரதேச மாநிலம் ஜான்பூர் மாவட்டத்தில் உள்ள கல்வாரி என்ற கிராமத்தில், 1947-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி, விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் லால்ஜி சிங். பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகத்தில் பயின்று, பேராசிரியர் எஸ்.பி. ராய் சௌத்ரியின் வழிகாட்டுதலில் 1971-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட பொருள், பாம்புகளின் பாலினத்தை நிர்ணயிக்கும் குரோமோசோம்கள். மனிதரில் ஆணுக்குத்தான் இரு வேறுபட்ட பால் குரோமோசோம்கள் உண்டு. பாம்பினத்தில் இது தலைகீழ். பெண் பாம்புக்கே அந்த வேறுபாடு. ஆணும் பெண்ணும் எப்படித் தீர்மானிக்கப்படுகின்றனர் என்ற கேள்விக்கு விடை தேட அது நல்ல களமாக அமைந்தது.

1974-இல் காமன்வெல்த் உதவித்தொகை பெற்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், 1987 வரை பிரிட்டனில் ஆய்வு செய்தார். உடலில் பட்டைகள் கொண்ட கட்டுவிரியன் வகைப் பாம்பின் டி.என்.ஏ.விலிருந்து, ஒரே எழுத்து வரிசை மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்ட ஒரு பகுதியை அவர் பிரித்தெடுத்தார். பெண் பாம்பின் பால் குரோமோசோமில் செறிந்து காணப்பட்ட அந்த வரிசை, பாம்போடு நிற்கவில்லை. எலியிடமும் இருந்தது, மனிதரிடமும் இருந்தது. கென்னத் ஜோன்ஸ் என்ற ஆய்வாளருடன் இணைந்து, எலிகளில் நிகழும் பால் மாற்றத்தின் காரணத்தை அந்த வரிசையின் துணைகொண்டு விளக்கி, 1982-இல் "செல்" இதழில் கட்டுரை வெளியிட்டார். உயிரியல் உலகில் அவரது பெயர் நிலைபெற்றது அப்போதுதான்.

அந்த வரிசையே பால் நிர்ணயத்தின் திறவுகோலாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. ஆண்மையை நிர்ணயிக்கும் மரபணு வேறொன்று என்பதை 1990-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆனால் தேடியது கிடைக்காத இடத்தில் தேடாதது கிடைத்தது. அந்த அடுக்குகளின் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அப்படியானால் அதைக் கொண்டே ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறியலாம் அல்லவா?

இதே அடிப்படையில் பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக் ஜெஃப்ரீஸ் 1984-இல் மரபணு ரேகை முறையைக் கண்டுபிடித்திருந்தார். அவரது முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டு, அது வணிக நிறுவனத்தின் கையில் இருந்தது. 1987-இல் தாயகம் திரும்பி ஹைதராபாத் மையத்தில் சேர்ந்த லால்ஜி சிங், கட்டுவிரியனிடம் கண்டெடுத்த தமது சொந்த வரிசையைக் கொண்டே மரபணு ரேகை எடுக்கும் முறையை உருவாக்கினார். வெளிநாட்டு உரிமத்துக்குக் கையேந்த வேண்டிய தேவை எழவில்லை. சுயசார்பு குறித்து மேடைகளில் முழங்கப்பட்ட அளவுக்குச் செயலில் காணப்படாத காலம் அது.

சாட்சிக் கூண்டில் அறிவியல்

ஹைதராபாத் மையத்தை 1987-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணித்தவர் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி. நான்கே ஆண்டுகளில், 1991 மே 21 அன்று, ஸ்ரீபெரும்புதூரில் அவர் படுகொலை செய்யப்பட்ட வழக்கிலும் அதே மையத்தின் மரபணு ரேகை முறை பயன்படுத்தப்பட்டது. பஞ்சாப் முதல்வர் பியாந்த் சிங் கொலை வழக்கிலும், தலைநகரை உலுக்கிய நைனா சாஹ்னி வழக்கிலும் அது தொடர்ந்தது. 1995 ஜூலையில் தில்லி உணவகம் ஒன்றின் தந்தூர் அடுப்பில் எரிக்கப்பட்ட உடல் யாருடையது என்பதை, பெற்றோரின் ரத்த மாதிரியோடு ஒப்பிட்டு உறுதி செய்தனர்.

தமிழக வாசகர்களுக்கு நன்கு நினைவிருக்கக்கூடிய வழக்கு, ஆசிரமச் சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பிரேமானந்தா வழக்கு. ஹைதராபாத் மையத்தின் மரபணு அறிக்கை அதில் முக்கியச் சான்றாக அமைந்தது. அதைத் தகர்க்க எதிர்த்தரப்பு பிரிட்டனிலிருந்து நிபுணரை வரவழைத்தது. எனினும் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் 1997-இல் குற்றத்தை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றமும் 2005-இல் அதை ஏற்றது. இந்தத் துறை அப்போதுதான் இந்திய நீதிமன்றங்களுக்கு அறிமுகமாகிக் கொண்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. 1996-இல் தில்லியில் சட்ட மாணவி பிரியதர்ஷினி மட்டூ கொல்லப்பட்ட வழக்கில், மரபணு அறிக்கையை ஏற்க மறுத்த விசாரணை நீதிமன்றம், காவல்துறை உயர் அதிகாரியின் மகனான குற்றம்சாட்டப்பட்டவரை 1999-இல் விடுதலை செய்தது. மக்களின் கொந்தளிப்புக்குப் பின், 2006-இல்தான் தில்லி உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2010-இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்து, மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. ஆய்வகத்தில் எவ்வளவு துல்லியம் இருப்பினும், மாதிரியைச் சேகரித்து முத்திரையிட்டு அனுப்பும் காவலரின் கையில்தான் அதன் கதி என்பதை அந்த வழக்கு உணர்த்திற்று.

இதற்கான சட்டம் இன்றளவும் முழுமை பெறவில்லை. மரபணுத் தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறிக் காலாவதியானது. அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் தாக்கல் செய்யப்பட்டு நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்றது. சாதி, மதம் சார்ந்து மக்களை வகைப்படுத்தவும் குறிவைக்கவும் தேசிய மரபணுத் தகவல் வங்கி பயன்படுத்தப்படலாம் என்ற அச்சம் அங்கே எழுப்பப்பட்டது. 2023 ஜூலை 24 அன்று மத்திய அரசு அந்த மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்டது. 2022-இல் இயற்றப்பட்ட குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்திலேயே பெரும்பாலான அம்சங்கள் வந்துவிட்டன என்பது அரசு சொன்ன காரணம். மாதிரி எடுக்கும் அதிகாரம் அந்தச் சட்டத்தில் உண்டு. ஆய்வகங்களின் தரத்தைக் கண்காணிக்க முன்மொழியப்பட்ட தனி வாரியம் மசோதாவோடு போயிற்று.

ஹைதராபாதில் ஓர் அக்டோபர்

குற்றவாளியைத் தேடிய அதே முறை, மூதாதையரைத் தேடவும் பயன்பட்டது. 1998 முதல் 2009 வரை மையத்தின் இயக்குநராக இருந்த லால்ஜி சிங், தம் சகாவான குமாரசாமி தங்கராஜுடன் சேர்ந்து, 300-க்கும் மேற்பட்ட சமூகங்களைச் சேர்ந்த பல ஆயிரம் பேரின் மரபணு மாதிரிகளைத் திரட்டினார். அந்தமானின் ஓங்கே, கிரேட் அந்தமானியர் ஆகிய பழங்குடியினர் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட மனிதகுலத்தின் மிகப் பழைய கிளையொன்றின் எச்சம் என்று 2005-இல் "சயன்ஸ்" இதழில் அவர்கள் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஓங்கே மக்கள் ஏறத்தாழ நூறு பேரே எஞ்சியுள்ளனர்.

அடுத்தது பெருநிலப்பரப்பு. ஹார்வர்டு பல்கலைக்கழக மரபியலாளர் டேவிட் ரைக்கின் குழுவுடன் ஹைதராபாத் மையம் கைகோத்தது. முதல் முடிவுகளுடன் 2008 அக்டோபரில் ரைக் ஹைதராபாத் வந்தார். இன்றைய இந்தியர் இரு பெரும் மூதாதையர் கூட்டங்களின் கலப்பில் உருவானவர்கள். அவற்றுள் ஒன்று ஐரோப்பியர், மத்திய ஆசியர், மேற்காசியர் ஆகியோருக்கு நெருக்கமான "மேற்கு யூரேசிய" மக்கள் என்பது அவர் கொண்டுவந்த முடிவு. லால்ஜி சிங்கும் தங்கராஜும் அந்தப் பெயரை ஏற்கவில்லை. தாய்வழி வரும் மரபணுக் கூறுகளில் பெரும்பான்மை இந்தியாவுக்கே உரியவை என்பதை அவர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தவர்கள். வெளியிலிருந்து பெருங்கூட்டம் வந்ததாகச் சொல்வதற்கு அது இடம் தரவில்லை என வாதிட்டனர். நெருக்கம் இருக்கிறது என்பதாலேயே வருகையின் திசை தெரிந்துவிடாது. இங்கிருந்தும் சென்றிருக்கலாம் அல்லவா என்றும் கேட்டனர். தமது அறிவியல் வாழ்க்கையிலேயே மிக இறுக்கமான 24 மணி நேரம் அது என ரைக் 2018-இல் வெளியான தமது நூலில் நினைவுகூர்ந்துள்ளார்.

இறுதியில் சமரசம் பிறந்தது. "வட இந்திய மூதாதையர்", "தென்னிந்திய மூதாதையர்" என்ற இரு புதிய பெயர்கள் சூட்டப்பட்டன. எங்கிருந்து வந்தனர் என்பதைச் சொல்லாத பெயர்கள். 2009 செப்டம்பரில் "நேச்சர்" இதழில் வெளியான அந்த ஆய்வு, 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுவை ஆராய்ந்தது. பெரும்பாலான இந்தியச் சமூகங்களில் வட இந்திய மூதாதையர் பங்கு 39 முதல் 71 சதவீதம் வரை இருந்தது. உயர்சாதியினரிடமும் இந்தோ-ஐரோப்பிய மொழி பேசுவோரிடமும் அது கூடுதல். ஆனால் பெருநிலப்பரப்பில் வடக்கே ஆயினும் தெற்கே ஆயினும், கலப்பின்றி ஒரே மூதாதையரிடமிருந்து வந்த கூட்டம் எதுவும் அந்த ஆய்வில் கிடைக்கவில்லை.

ஆய்வு வெளியான மறுநாளே "ஆரிய - திராவிடப் பிரிவு கட்டுக்கதை" என்ற பொருளில் பல நாளேடுகள் தலைப்பிட்டன. அக்கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. இரு மூதாதையர் கூட்டங்கள் இருந்தன. அவை தம்முள் பெரிதும் வேறுபட்டவை. பின்னர் கலந்தன என்பதே அது சொன்னது. அந்தக் கூட்டங்களுள் ஒன்று ஐரோப்பியருக்கு நெருக்கமானது என்ற வரி கட்டுரையின் தொடக்கத்திலேயே இருந்தது. எனினும் ஆரியர் வருகைக் கோட்பாட்டுக்கு எதிரானதாக அதை விளக்குவதில் லால்ஜி சிங்குக்குத் தயக்கம் இருக்கவில்லை. 2011-இல் அவர் பங்கேற்ற மற்றோர் ஆய்வு வெளிவந்தபோது, 3,500 ஆண்டுகளுக்கு முன் அத்தகைய குடிபெயர்வு நிகழ்ந்ததற்கு மரபணுச் சான்று இல்லை என்ற நிலைப்பாட்டை அவர் இன்னும் அழுத்தமாக எடுத்தார். கையிலிருந்த தரவு அவ்வளவு தூரம் செல்ல அனுமதித்ததா என்பது ஐயத்துக்குரியது. வாழ்வோரின் மரபணுவை மட்டும் வைத்துக்கொண்டு, இறந்தோர் எங்கிருந்து வந்தனர் என்று முடிவு கட்ட இயலாது.

அந்தக் குறையைத் தீர்த்தவை புதைகுழிகள். 2019 செப்டம்பரில் "சயன்ஸ்" இதழில் வெளியான ஆய்வு, மத்திய ஆசியாவிலும் தெற்காசியாவின் வடபகுதியிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட 523 பழங்கால மனிதர்களின் டி.என்.ஏ.வைப் படித்தது. யூரேசியப் புல்வெளி மக்களின் வழிவந்தோர் கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில் இந்தியத் துணைக்கண்டத்துக்குள் வந்து கலந்தனர் என்றும், அவர்களது மரபுக்கூறு புரோகிதர் மரபுச் சமூகங்களில் ஒப்பீட்டளவில் மிகுதி என்றும் அது முடிவுரைத்தது. அந்த ஆய்வின் முதன்மை ஆசிரியர்களுள் ஒருவர் அதே தங்கராஜ். லால்ஜி சிங் மறைந்து இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், அவர் ஏற்க மறுத்ததை அவரது மையத்தின் மாதிரிகளும் சேர்ந்தே நிறுவின. நிறுவனத்தைக் கட்டியவரின் கருத்தை அந்த நிறுவனமே திருத்தியது அதன் நலத்துக்கு அடையாளம் என்றே கொள்ள வேண்டும்.

அதே நாளில் வெளியான ராகிகடி ஆய்வில், சிந்துவெளிக் காலப் பெண் ஒருவரின் மரபணுவில் புல்வெளி மரபின் சுவடு இல்லை என்பது தெரியவந்தது. புல்வெளி மக்கள் அதற்குப் பின் வந்தவர்கள் என்பதற்கே அது துணை நிற்கும். ஆனால் அக்குழுவின் தலைவர்களுள் ஒருவரோ, ஆரியர் வருகையே பொய்த்துவிட்டது எனச் செய்தியாளர்களிடம் அறிவித்தார்.

மறுபுறம் "தென்னிந்திய மூதாதையர்" என்பதைத் "தூய திராவிடர்" என்று வாசித்தவர்களுக்கும் ஏமாற்றமே. அவர்களும் கலப்பில் பிறந்தவர்களே என்பதை அதே 2019 ஆய்வு காட்டிற்று. சிந்துவெளி மக்களின் வழிவந்தோர் தெற்கே நகர்ந்து, அங்கிருந்த தொன்மையான வேட்டையாடிகளுடன் கலந்ததால் உருவானவர்கள் அவர்கள்.

சாதி எழுதிய நோய்

லால்ஜி சிங்கின் ஆய்வுகளுள் அரசியல் மேடைகளில் குறைவாகப் பேசப்படுவதும், மக்களின் வாழ்வை நேரடியாகத் தொடுவதும் சாதி பற்றிய ஆய்வே. 2013-இல் ரைக் குழுவினருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு, 73 சமூகங்களை ஆராய்ந்து, பெரும் கலப்பு நிகழ்ந்த காலத்தை இன்றைக்கு 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் எனக் கணித்தது. உயர்சாதியினர், ஒடுக்கப்பட்டோர், ஒதுங்கி வாழ்ந்த பழங்குடியினர் என எவரும் அதற்கு விலக்கல்லர். அதன்பின் கதவு அடைக்கப்பட்டது. தத்தம் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது. இந்தியர் அனைவரும் ஒரு காலத்தில் தாராளமாகக் கலந்தவர்கள் என்றால், இன்றைய வடிவிலான சாதியமைப்பு வரலாற்றில் ஒப்பீட்டளவில் அண்மைக்காலத்தில் உருவானதே என லால்ஜி சிங் அப்போது கூறினார். சாதியை அநாதியானது என்று சொல்வோருக்கு இதைவிடச் சுருக்கமான மறுமொழி கிடையாது.

அடைத்த கதவின் விலை நோயாகத் திரும்பி வந்திருக்கிறது. சில நூறு பேரிடமிருந்து பெருகிய சமூகம், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தனக்குள்ளேயே மணவுறவு கொண்டால், அந்தச் சிலருள் ஒருவரிடம் இருந்த மரபணுக் குறையும் சேர்ந்தே பெருகும். நெருங்கிய சொந்தத்தில் மணக்க வேண்டும் என்பதில்லை; சாதிக்குள் மணந்தாலே போதும். ஆந்திரப் பகுதியின் வைசிய சமூகத்தினருள் சிலருக்கு, அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து உடலில் சிதையாமல் நீடித்து மூச்சை முடக்கிவிடுவது இவ்வகையில் அறியப்பட்ட ஒன்று. பல லட்சம் பேர் கொண்ட சமூகம் அது. பெரிய சாதி என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணுவது தவறு.

எல்லாச் சமூகங்களையும் கடந்து பரவிய குறையும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஹைதராபாத் மையமும் பங்கேற்று 2009-இல் "நேச்சர் ஜெனடிக்ஸ்" இதழில் வெளியிட்ட ஆய்வில், இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம் இந்தியரில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இருப்பது தெரியவந்தது. அவர்களுக்கு இதயம் செயலிழக்கும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 7 மடங்கு. இளமையில் அறிகுறி தென்படாது. நடுவயதுக்குப் பின்னரே தாக்கும். எனவே குழந்தை பெறும் பருவத்தைக் கடந்து தலைமுறை தலைமுறையாக அது கைமாறிவந்துள்ளது.

இயக்குநர் பணிக்காலத்தில் அழிந்துவரும் விலங்கினங்களுக்கெனத் தனி ஆய்வகத்தையும் ஹைதராபாதில் அவர் நிறுவினார். 2011 முதல் 2014 வரை பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது மாதம் 1 ரூபாய் மட்டுமே ஊதியமாகப் பெற்றார். ஆனால் இறுதிவரை அவர் விடாது பேசியது மரபணு நோய்ப் பரிசோதனை பற்றித்தான். அது நகரத்து வசதி படைத்தோருக்கு மட்டும் உரியதாக இருக்கலாகாது என்று வலியுறுத்திய அவர், ஜீனோம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கி, பிறந்த ஊரான கல்வாரியிலேயே அதற்கு மையம் அமைத்தார்.

மத்திய அரசு 2021-இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை அறிவித்தது. நோயாளி ஒருவருக்குச் சிகிச்சை உதவி 2022-இல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. நோய் வந்தபின் தரும் உதவி இது. வருமுன் கண்டறியும் முயற்சியில் பெரிய அளவில் நடப்பது, பழங்குடியினரிடையே காணப்படும் அரிவாள் செல் ரத்தசோகைக்கு எதிராக 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம். தமிழகம் உள்ளிட்ட 17 மாநிலங்களில் 7 கோடி பேரைப் பரிசோதித்து, 2047-க்குள் அந்நோயை ஒழிப்பது அதன் இலக்கு. நூற்றில் நால்வரின் இதயத்தில் இருக்கும் 25 எழுத்துக் குறைக்கு அத்தகைய தேசியத் திட்டம் ஏதும் அறிவிக்கப்படவில்லை.